விடுபட்ட ஐந்து எழுத்துகள்

ஜனாஸா அறிவித்தல் ஒன்றில் மௌத்தானவரின் பெயரோ, தகப்பனின் பெயரோ, ஊரோ ஓரெழுத்துப் பிசகி வெளியாகுமானால், துக்கத்தில் ஆழ்ந்திருக்கும் குடும்பத்துக்கு அது எத்தகைய மனவேதனையைத் தரும் என்பதைக் கல்முனைக் கரையோரத்தில் பள்ளிவாசல் காரியங்களில் ஈடுபட்டிருப்போர் நன்கறிவர். இப்போது நம் பக்கத்து அறிவித்தல்கள் பெரும்பாலும் வாட்ஸ்அப் வழியாகவே ஊர் ஊராகச் செல்கின்றன. எங்கள் பள்ளிவாசலுக்காக அவற்றை எழுதும் பொறுப்பு நெடுங்காலமாக என்னிடம் இருந்து வருகிறது. கடற்காற்றின் ஈரமும் வியர்வையும் படிந்த பெருவிரல் கண்ணாடித் திரையில் எழுத்தைத் தேடித் தடுமாறுவதைக் காட்டிலும், அழுத்தினால் அழுத்தியது விரலுக்கே தெரியும்படியான மெய்யான விசைகள் கொண்ட தொலைபேசி ஒன்று கைவசம் இருக்குமாயின் பிழைகள் குறையும் என்பது என் அபிப்பிராயம். அந்த எண்ணத்தோடுதான் பிளாக்பெரி கீ 2, கீ 2 எல்.இ. என்னும் இரண்டினுள் எதைத் தெரிவது என்ற விசாரணையில் இறங்கினேன்.

கட்டாரில் தொழில் புரியும் என் மைத்துனர் இரண்டையும் அங்கே பழைய கருவிகள் விற்கும் கடையொன்றில் பார்த்து வைத்திருந்தார். “ரெண்டும் ஒண்டுதான் மச்சான். எது வேணும் எண்டு சொல்லுங்க, ஊருக்கு வாறவங்கட கையில குடுத்து அனுப்புறன்” என்றார். அவர் சொன்னது பெரும்பாலும் உண்மையே. இரண்டும் 2018ஆம் ஆண்டு வெளியானவை, சீனத்து டி.சி.எல். நிறுவனம் பிளாக்பெரிப் பெயரை உரிமம் பெற்றுத் தயாரித்தவை. இரண்டிலும் திரை 4.5 அங்குலம், அதன் கீழே அதே 26 எழுத்து விசைகள். கீ 2இன் சட்டம் அலுமினியம், மின்கலம் 3500 மில்லி ஆம்பியர் மணி, எல்.இ. பிளாஸ்டிக் உடலும் 3000 மில்லி ஆம்பியர் மணி மின்கலமும் கொண்டு, 12 கிராம் இலேசானது. 2020 ஆகஸ்டுடன் அந்நிறுவனம் இவ்வகைத் தொலைபேசிகளின் விற்பனையை நிறுத்திவிட்டபடியால், இனி இவற்றைப் பழையனவாகவே தேட வேண்டும்.

“தமிழ் அடிக்க ஏலுமா?” என்று கேட்டேன். “எழுத்தெல்லாம் இங்கிலீசுதான்” என்று விடை வந்தது. விசையின் முகத்தில் என்ன அச்சிடப்பட்டிருந்தாலும் பழகிய விரலுக்கு அது பொருட்டன்று. ஆயினும் நான் கணினியில் நாளாந்தம் பயன்படுத்திவரும் தமிழ் 99 விசைமுறை இந்தச் சிறிய பலகையில் எவ்வாறு பொருந்தும் என்று அறிய விரும்பி, விசைகளை ஒரு தாளில் வரைந்து எழுத்துகளை ஒவ்வொன்றாக நிரப்பலானேன்.

1999ஆம் ஆண்டு சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டின் வழியே நிர்ணயிக்கப்பட்ட அந்த விசைமுறை, உயிரெழுத்துகளை இடக்கைக்கும் மெய்களைப் பெரும்பாலும் வலக்கைக்கும் ஒதுக்குகிறது. ககர மெய்யும் உகரமும் அடுத்தடுத்து அழுத்தப்பட்டால் ‘கு’ தானே உருவாகிவிடும். இவ்வளவு சாஸ்திரீயமான ஏற்பாடு, தொலைபேசியின் 26 விசைகளில் பன்னிரண்டு உயிரையும் ஆய்தத்தையும் பதின்மூன்று மெய்களையும் அமர்த்தியதோடு நின்றுவிட்டது. ச, ஞ, ந, ய, ழ ஆகிய ஐந்துக்கும் ஸ்தானம் இல்லை. கணினியில் இவை ஆங்கில எழுத்துகளுக்கு வலப்புறமுள்ள அடைப்புக்குறி, அரைப்புள்ளி, சாய்கோடு முதலிய விசைகளில் இருக்கின்றன. தொலைபேசியிலோ அவ்விசைகள் நீக்கப்பட்டுவிட்டன. அதிலும் நகரம் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்தை அழிக்கும் விசை அமர்ந்திருக்கிறது.

கல்முனை என்று எழுத முடிகிறது. மருதமுனை, அக்கரைப்பற்று, ஒலுவில், பொத்துவில் ஆகியவற்றுக்கும் தடையில்லை. ஆனால் கல்முனையை ஒட்டியிருக்கும் சாய்ந்தமருதுக்கோ விடுபட்ட ஐந்தில் மூன்று தேவைப்படுகின்றன. நிந்தவூர் இல்லை, சம்மாந்துறை இல்லை, அட்டாளைச்சேனை இல்லை. தமிழ் என்ற சொல்லே இல்லை. எங்கள் ஜனாஸாக்களுக்கு வந்து சேரும் உறவினரின் ஊர்களில் ஏறக்குறையப் பாதி இவ்வாறு தாளுக்கு வெளியே நிற்பதைக் கண்டபோது, இந்தக் குறுகிய விசை ஒழுங்கு எங்கிருந்து வந்தது என்று அறியாமல் விடக்கூடாது எனத் தோன்றிற்று.

அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் கிறிஸ்டோபர் லேதம் ஷோல்ஸ் என்பவர் அமைத்த தட்டெழுத்து யந்திரத்தை ரெமிங்டன் நிறுவனம் 1874இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன் விசை ஒழுங்கே சிற்சில மாற்றங்களோடு கணினிக்கும் வந்தது. 1996இல் கனடாவின் வாட்டர்லூவில் ரிசர்ச் இன் மோஷன் நிறுவனத்தார் இரண்டு பெருவிரல்களால் தட்டத்தக்கதாக அதைப் பேஜர் கருவிக்குள் சுருக்கியபோது, ஆங்கிலத்துக்கு அத்தியாவசியமற்ற வலப்புற விசைகளைக் கைவிட்டனர். அவர்களுக்கு அதனால் நட்டமில்லை. நமது மெய்கள் ஐந்து இந்த விளிம்பில்தான் வீடற்றுப் போயின.

ஆனால் இடப்பற்றாக்குறை தமிழுக்குப் புதிதன்று. 1886இல் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்து, 1907இல் மலாயாப் பக்கம் போய்ச் சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா, 247 எழுத்துகளைத் தட்டெழுத்து யந்திரம் ஒன்றின் சொற்ப விசைகளில் அடக்கும் பிரயாசையில் ஈடுபட்டு, நகரா விசை என்னும் உபாயத்தைக் கையாண்டார். புள்ளியையோ இகரக் குறியையோ முதலில் தட்டினால் தாள் நகராது. அடுத்துத் தட்டும் எழுத்து அதே இடத்தில் விழுந்து அதனோடு சேர்ந்துகொள்ளும். அவருடைய திட்டப்படி ஜெர்மனியில் செய்யப்பட்ட ‘பிஜோ’ யந்திரங்கள் தமிழ் வழங்கும் தேசங்களுக்கு வந்தன. இலங்கையர் ஒருவரின் இந்தச் சாதனை நம் பாடசாலைகளில் இன்னும் அதிகமாகச் சொல்லப்பட வேண்டும்.

நம் முன்னோரின் அறபுத் தமிழும் என் நினைவுக்கு வந்தது. 28 எழுத்துகள் கொண்ட அறபு வரிவடிவில் ட, ண, ப, ள, ழ முதலிய ஒலிகளுக்கு இடமில்லாதிருக்க, அவர்கள் இருக்கும் எழுத்துகளுக்கே புள்ளியும் குறியும் கூட்டிப் புதிய எழுத்துகளை ஆக்கிக்கொண்டு, மார்க்க நூல்களையும் கடிதங்களையும் எழுதினார்கள். இடமில்லாத ஒலிகளை அவர்கள் கைவிடவில்லை என்பதே எனக்கு முக்கியமாகப் பட்டது.

இந்த வழியில் யோசித்து, விடுபட்ட ஐந்தையும் அந்தந்த வரிசையின் வலக்கோடியிலேயே, மேலடுக்கு (ஷிப்ட்) விசையோடு சேர்த்து வைத்தேன். சகரம் டகரத்தோடும், ஞகரம் ணகரத்தோடும், நகரம் மகரத்தோடும், யகரம் தகரத்தோடும், ழகரம் ரகரத்தோடும் அமைந்தன. ஜ, ஸ, ஹ முதலியவை தமிழ் 99இல் முன்பே மேலடுக்கில் இருப்பவை. ஆகவே ஜனாஸா என்று எழுதும் நம்மவர் கைக்கு அந்த அடுக்கு பழகியதுதான்.

இனித் தெரிவு கடினமாகவில்லை. கீ 2இன் விசைப்பலகை தொடுகையையும் உணரும். விரலை அதன்மேல் தடவினாலே திரையிலுள்ள பக்கம் நகரும். விலை கூடிய கருவியின் விசேஷ அம்சமென்று பலர் இதைப் பாராட்டியிருக்கிறார்கள். எல்.இ.யின் விசைகளோ அழுத்தத்துக்கு மட்டுமே கட்டுப்படும். ஈரவிரலின் தடவலிலிருந்து தப்பவே விசையைத் தேடிப் புறப்பட்ட எனக்கு, குறைபாடென்று எண்ணப்பட்ட இதுவே பெரிய அனுகூலம். எல்.இ.யை அனுப்பும்படி மைத்துனருக்குச் சொல்லிவிட்டேன்.

நான் வரைந்த தாள் இப்போது சம்மாந்துறையில் கணினி பயிலும் மருமகனிடம் இருக்கிறது. அதைச் செயலியாக்கித் தருவதாக ஒப்புக்கொண்ட அவர், “மாமா, ய அடிக்கடி வாற எழுத்து, மேலடுக்குல வைக்கப்படாது; ஙவ அங்க ஏத்திப்போட்டு யவ அந்த விசைக்குக் கொண்டு வாங்க” என்கிறார். ஙகரம் பெரும்பாலும் ககரத்துக்கு முன்னேதான் வருமாகையால் அவர் கட்சியில் நியாயமிருக்கிறது. ஆனால் தமிழ் 99இல் பழகிய கைகளுக்கு அது இடையூறாகும் என்பது என் வாதம்.