தண்ணீருக்குள் ஒரு தராசு



கிணற்றில் வாளி அமிழ்த்தி நீர் அள்ளியவர்களுக்குத் தெரியும். நிரம்பிய வாளி தண்ணீருக்குள் இருக்கும் வரை லேசாக வரும். மட்டத்தைத் தாண்டியதும் கை கடுக்கும். எங்கள் ஹேவாஹெட்டப் பக்கம் பைப்புத் தண்ணீர் வந்த வீட்டுப் பிள்ளைகள் இதை அறியாமலேயே வளர்கிறார்கள். வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு மாணவி, "குறைந்த நிறை எங்கே போனது, ஹஸரத்?" என்று கேட்டாள்.

எங்கும் போகவில்லை. ஒரு பொருளில் அடங்கியுள்ள சடத்தின் அளவு திணிவு. பூமி அதை இழுக்கும் விசை நிறை. நீரில் இறங்கினாலும் இரண்டும் மாறுவதில்லை. நீர் அப்பொருளைக் கீழிருந்து தாங்குகிறது. இதுதான் மேலுதைப்பு. பொருள் எவ்வளவு நீரை விலக்குகிறதோ, அந்த நீரின் நிறைக்கு இது சமம். ஆனால் பழைய முட்டை மிதக்கும் காரணம் வேறு. அதன் ஈரம் ஓட்டின் நுண்துளைகள் வழியே வெளியேறுவதால் திணிவே உண்மையாகக் குறைந்துவிடுகிறது. பருமன் அப்படியே இருக்கிறது.

இது பாடப்புத்தகச் சங்கதிதானே என்று ஒதுக்கிவிட வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், மகளின் கலியாணத்துக்கு வாங்கிய சங்கிலியைக் கஷ்டத்தில் அடகு வைக்கப் போன இடத்தில்தான் அதில் கலப்பு அதிகம் என்று அறிந்தது.

மர்வ் நகரத்து அல்காஸினீ, ஹிஜ்ரி 515இல் (கி.பி. 1121) 'மீஸானுல் ஹிக்மா' என்ற நூலை எழுதினார். பொருளைக் காற்றிலும் நீரிலும் நிறுத்துக் கலப்பைக் கண்டறியும் தராசை அதில் விவரித்தார். அவருக்கு முன்பே அல்பிரூனீ உலோகங்கள் விலக்கும் நீரை அளந்திருந்தார். அரபுக் கல்லூரியில் இலக்கணம் படித்த நமக்கு இந்தக் கிதாபை யாரும் காட்டவில்லை!

நீங்களும் செய்து பார்க்கலாம். நுண்ணிய மின்தராசில் ஒரு கோப்பைத் தண்ணீரை வைத்து அளவைப் பூச்சியமாக்குங்கள். ஒரு பவுண், அதாவது 8 கிராம் சங்கிலியை நூலில் கட்டி, அடியில் முட்டாமல் நீருக்குள் தொங்க விடுங்கள். 22 கரட் என்றால் தராசு கிட்டத்தட்ட 0.45 கிராம் காட்டும். அரைக் கிராமைத் தாண்டினால் சந்தேகப்படலாம். தங்கத்தைவிடச் செம்பும் வெள்ளியும் அடர்த்தி குறைந்தவை. ஆகவே அதே திணிவுக்கு அதிக இடம் பிடித்து, அதிக நீரை விலக்கும்.

கல் பதித்த மாலைக்கும் உள்ளே பொள்ளலான காப்புக்கும் இந்தக் கணக்குச் சரிவராது. டங்ஸ்டன் உலோகத்தின் அடர்த்தியோ தங்கத்தை ஒட்டியது. அதை உள்ளே வைத்து முலாம் பூசினால் தண்ணீரும் ஏமாந்துபோகும். இன்னொன்று, சங்கிலிக் கண்ணிகளில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் மெல்லத் தட்டிவிட்டு அளவெடுங்கள்.