சீமை லாகரும் வீட்டுக் குழம்பும்

தோட்டங்களில் கள்ளுக்கடை நடந்த காலத்தில் மாலையில் அங்கே சென்ற பால்மரத் தொழிலாளியைக் குடிகாரன் என்றார்கள். அதே வேளையில் தம் வீட்டுத் தாழ்வாரத்தில் பீர் போத்தலைத் திறந்த கிராணியை நாகரிகமுள்ளவர் என்றார்கள். இன்று பெரும்பாலான தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன. அந்தப் பேச்சு மட்டும் மாறவில்லை. ஐரோப்பாவிலிருந்து வந்த சரக்கென்றால் மரியாதை இன்னும் ஒரு படி கூடுகிறது.

லாகர் என்னும் ஜெர்மன் சொல்லுக்குக் கிடங்கு என்பது பொருள். முளைகட்டிய பார்லியை ஊறவைத்து, ஹாப்ஸ் என்னும் கைப்பு மலரைச் சேர்த்துக் காய்ச்சி, ஈஸ்ட் இட்டுக் குளிர்ந்த நிலவறையில் பல வாரம் கிடத்துவார்கள். பொன்னிற லாகர் 1842இல் பொஹீமியாவின் பில்சென் நகரில் யோசப் கிரோல் என்பவர் வடித்தது. அதில் சாராயச் சத்து பெரும்பாலும் 5 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். தென்னம்பாளையில் இறக்கிய கள்ளோ காற்றிலுள்ள ஈஸ்டினாலேயே சில மணி நேரத்தில் நொதித்து, ஏறக்குறைய அதே அளவை எட்டிவிடுகிறது. அப்படியிருக்க, ஒன்று இழிவும் மற்றொன்று கௌரவமும் ஆனது எங்ஙனம்?

இதைச் சோதித்துப் பார்க்கவே இறக்குமதி லாகர் இரண்டு போத்தல் வாங்கி, தாப்பாவில் நம் இல்லத்துச் சாப்பாட்டோடு அருந்தினோம். அன்று நாட்டுக்கோழிக் குழம்பு, நெத்திலிச் சம்பல், ரசம். வறுத்த நெத்திலியின் உப்புக்கு லாகரின் கைப்பு நன்றாகவே பொருந்திற்று, உள்ளதை மறைப்பானேன்! குழம்போடு சேர்ந்தபோதுதான் நாக்கில் தீப்பற்றியது. மிளகாயின் காரச் சத்து கொழுப்பில் கரைவது, நீரில் கரையாதது. லாகரோ பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீர். அதன் குளிர்ச்சி வாயில் உள்ள மட்டுந்தான் ஆறுதல். பொங்கும் குமிழிகளோ தம் பங்குக்குக் குத்துகின்றன. பக்கத்திலிருந்த மோர் இரண்டு மிடறில் காரத்தை அடக்கிற்று. பாலிலுள்ள புரதம் காரச் சத்தைப் பற்றி இழுத்துச் செல்வதே அதற்குக் காரணம்.

போதாக்குறைக்கு ஒரு வாடையும் இருந்தது. ஹாப்ஸின் கைப்புச் சத்து வெளிச்சம் பட்டால் சிதைந்து நாற்றமெடுக்கும். பழுப்புக் கண்ணாடி அவ்வெளிச்சத்தைப் பெரிதும் தடுக்கும். பலரும் உயர்வென்று கருதும் பச்சைக் கண்ணாடி அவ்வளவாகத் தடுக்காது. கடல் கடந்து வந்து, கடைவிளக்கின் கீழ்க் காத்துக்கிடந்த சரக்கு வேறெப்படி இருக்கும்? சிங்கப்பூரில் 1932 முதலே லாகர் வடிக்கிறார்கள். புதுமை வேண்டுவோர்க்கு அது அருகிலேயே கிடைத்து வந்திருக்கிறது. நம் துணைவியார் ஒரு வாய் சுவைத்துவிட்டு, “இதற்காகவா இத்தனை வெள்ளி கொடுத்தீர்கள்?” என்று கேட்டார்.

வெள்ளியைப் பற்றிய அந்தக் கேள்வியே கள்ளுக்கடைக் காலத்தில் லயத்துப் பெண்கள் கேட்டதும். சம்பளம் கொடுத்த தோட்டத்திலேயே கடையும் இருந்தது. காலையில் பெற்ற காசு மாலையில் அங்கேயே போயிற்று. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்தோர் கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடும்படியும் கேட்டார்கள். 1947இல் கெடாவின் பீடோங் வட்டாரத்தில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கு எதிராக மறியல் செய்து போலீசாரிடம் அடிபட்டார்கள். அடிபட்டவர்கள் தோட்டத் தொழிலாளிகள். அவர்களைப் போற்றி மேடையில் முழங்கிவிட்டு, வீடு திரும்பியதும் ஐஸ் பெட்டியைத் திறக்கும் அன்பர்கள் சிலரை நாம் அறிவோம். அவர்கள் வீட்டிலும் குழம்பு வைப்பவர் ஒருவர் இருக்கிறார்.