சுழியமும் ஒற்றும்

வல்லின ஒற்று என்று இலக்கணத்தில் படிப்பது, ஒலியாகப் பார்த்தால், பெரும்பாலும் ஒரு மௌனம்தான். 'பட்டு' என்னும்போது நா அண்ணத்தில் ஒட்டி நிற்கும் சிறுபொழுதில் வாயிலிருந்து ஏறக்குறைய எவ்வொலியும் வருவதில்லை. அம்மௌனத்தின் நீளமே ஒற்று இரட்டித்திருப்பதைக் காதுக்கு உணர்த்துகிறது. தொல்காப்பியர் மெய்க்கு அரை மாத்திரை வகுத்தார். மாத்திரைக்கு அளவாகக் கண்ணிமைப்பையும் கைந்நொடியையும் சொன்னார். ஆண்டுதோறும் வகுப்பில் இதை நடத்திவரும் எங்களுக்கு, மனிதர் விடாத மௌனத்தையும் ஓர் இயந்திரம் பாட்டுக்குள் செருகக்கூடும் என்பது 2023-இல்தான் தெரியவந்தது.

எங்கள் துறையில் மூவர் சேர்ந்து ஒப்பாரிப் பாடல்களைப் பதிவு செய்துவந்தோம். லினக்ஸ் இயங்கும் மடிக்கணினி ஒன்றைத் திண்ணையில் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருப்போம். வெளியே மைக்கை நீட்டினால் பாட்டிமாரின் குரல் இறுகிவிடுகிறது. ஆகவே கணினிக்குள்ளேயே இருக்கும் மைக்கே எங்களுக்கு உகந்ததாயிருந்தது. பதினொரு மணி நேரப் பதிவு சேர்ந்தபின் எழுத்தாக்கத்தில் அமர்ந்தோம். தாயை இழந்த மகள் பாடுவதாக அமைந்த ஒரு பாட்டில் ஒருவர் 'தொட்டிலில் ஆடியவள்' என்று எழுதினார். மற்றவர் 'தொட்டிலை ஆட்டியவள்' என்று எழுதினார். முன்னது மகள், பின்னது தாய். பாட்டு யாரைப் பற்றியது என்பதே அங்கு மாறிவிடுகிறது. பாடியவரைக் கேட்டுவிடலாம் என்றால், அவர் அதற்கு முந்தைய மாதமே காலமாகியிருந்தார்.

அவ்விடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டபோது மெல்லிய 'டிக்' ஒன்று உடன் ஒலிப்பதை உணர்ந்தோம். வேறு இடங்களிலும் அது இருந்தது. ஒலிச்சில்லுகளுக்கான நிரல் எழுதும் பணியிலிருக்கும் எங்கள் முன்னாள் மாணவர் ஒருவர் விடுமுறைக்கு ஊர் வந்திருந்தார். "ஐயா, கோப்பைப் பார்த்தால் தெரிந்துவிடும்" என்று கறுப்புத் திரையைத் திறந்தார்.

படங்களும் பொத்தான்களும் இல்லாத அத்திரையில் ஒரு சொல்லைத் தட்டினால் ஒரு வேலை நடக்கும். அவர் முதலில் எடுத்தது 'சாக்ஸ்' என்னும் பழைய கருவி, 1991-இல் பிறந்தது. ஒலியை ஓர் உருவிலிருந்து மற்றோர் உருவுக்கு மாற்றுவது அதன் வேலை. அந்த உருவங்களுள் ஒன்று வெறும் எழுத்துக்கோப்பு: ஒரு நிரலில் நேரம், அடுத்த நிரலில் அந்நேரத்து ஒலியின் அளவு. நொடிக்கு 48,000 வரிகள். ஒரு கிழவியின் அழுகை எண்களாக இறங்கிவருவதைப் பார்ப்பது விசித்திரமான அனுபவம். ஏட்டுச்சுவடி படித்துப் பழகிய கண்ணுக்கு அது அவ்வளவு அந்நியமாகவும் இல்லை.

அங்கேதான் கண்டோம். பாட்டி மூச்சு வாங்க நிறுத்தும் இடங்களில் எண்கள் சிறுத்தனவே தவிர அடங்கவில்லை. காற்று, கோழி, தெருவில் போகும் மிதிவண்டி என்று ஏதோ ஒன்று கடைசி இலக்கத்திலாவது அசைந்துகொண்டிருந்தது. 'டிக்' கேட்ட இடங்களிலோ சுழியம், சுழியம், சுழியம் என்று ஒரே சீராக 480 வரிகள், அல்லது 960, சில இடங்களில் 1,920. எப்போதும் 480-இன் மடங்கு. 480 வரி என்பது பத்து மில்லிநொடி. மனிதர் விடும் மௌனத்தில் இப்படிப்பட்ட தூய சுழியம் வருவதில்லை என்பதால், இரண்டையும் பிரித்தறிய இதைவிட நல்ல அடையாளம் வேண்டியதில்லை. 'ஆடியவள்' இடத்தில் இருந்தது 1,920 வரி. டகரம் நாவில் தட்டும் கணம் முழுவதையும் அது மூடிவிட்டிருந்தது. நாற்பது மில்லிநொடி மௌனம் நடுவே விழுந்தால் காது அதை ஒற்றாக எடுத்துக்கொள்ளக்கூடும்.

இனி, குற்றவாளி எங்கே? மைக்கில் புகும் ஒலி நேரே கோப்புக்குப் போவதில்லையாம். பல கணினிகளில் ஒலிக்கென்றே தனியாக ஒரு சிறு செயலி இருக்கிறது. அதற்குள் ஓடும் நிரல்தான் ஃபர்ம்வேர்; தமிழில் நிலைபொருள் என்கிறார்கள். அது பத்துப் பத்து மில்லிநொடியாகவோ வேறு அளவிலோ ஒலியைத் துண்டு போட்டு மேலே அனுப்ப, லினக்ஸின் 'அல்சா' என்னும் அடுக்கு வாங்கிக்கொள்கிறது. எங்கே சிந்துகிறது என்பதை ஒவ்வொரு படியாகத் தட்டிப் பார்க்க வேண்டும்.

'ஏரெகார்ட்' என்ற கட்டளையால், இடைத்தரகு எதுவுமின்றிச் சாதனத்திலிருந்து நேரே பத்து நிமிடம் பதிந்தார். கணினி உரிய நேரத்தில் வாங்கிக்கொள்ளாமல் ஒலி வழிந்து போயிருந்தால் அக்கருவி 'ஓவர்ரன்' என்று மூன்று ஆச்சரியக்குறிகளோடு அலறும். (பொறியாளர்களிடமும் மெய்ப்பாடு உண்டு.) அலறவில்லை. வரிகளை எண்ணினால் 2,88,00,000, ஒன்றும் குறையவில்லை. ஆனால் சுழியங்கள் இருந்தன. பிறகு யூஎஸ்பி மைக் ஒன்றைச் செருகிப் பதிந்தார். அது வேறு பாதை. அந்தச் சிறு செயலியைத் தொடுவதே இல்லை. அதில் சுழிய வரிசை ஒன்றுகூட இல்லை. வட்டில் குற்றமில்லை, பதியும் நிரலில் குற்றமில்லை. மேலே வருவதற்கு முன்பே ஒலி விழுந்திருக்கிறது.

'அல்சாபேட்' என்றொரு கருவியையும் ஓட்டினார். அது 997 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றை எழுப்பி, அதையே திரும்பப் பதிந்து, அதே சுருதி வந்ததா என்று பார்க்கும். முழுதாக ஆயிரம் என்று ஏன் வைக்கவில்லை என்று கேட்டோம். நொடிக்கு 48,000 என்னும் கணக்கில் ஆயிரம் ஹெர்ட்ஸ் அலை 48 எண்களையே திரும்பத் திரும்பச் சொல்லும். மற்ற எண்கள் சோதனைக்கு உட்படவே மாட்டா. 997 பகா எண். 48,000-ஐ மீதமின்றி வகுக்காது. ஆகவே ஒவ்வோர் அலையும் முந்தையதிலிருந்து சற்றே விலகி விழும்; ஒரு நொடி முழுதும் ஓடிய பிறகே பழைய இடத்துக்கு வரும். தாளத்தில் இடம் தள்ளி எடுப்பது நினைவுக்கு வந்தது. இத்தனை நுட்பமான அச்சோதனை, எங்கள் கணினி தேறிவிட்டதாகவே சொன்னது! சில நொடிப் பதிவில் சுருதி சரியா என்பதுதான் அதன் கேள்வி. எப்போதோ ஒருமுறை விழும் பத்து மில்லிநொடியைப் பற்றி அதனிடம் யாரும் கேட்கவில்லை.

நிலைபொருளுக்குள்ளேயே பார்க்க முடியாதா என்றோம். இன்டெல் 2018-இல் அறிவித்த 'சவுண்ட் ஓப்பன் ஃபர்ம்வேர்' போன்றவற்றில் மூலநிரல் பொதுவில் இருக்கிறது. உள்ளே நடப்பதைக் குறிப்பெடுக்கும் கருவியும், ஒலி ஓடும் வழியில் நடுவே குழாய் வைத்து எடுத்துப் பார்க்கும் கருவியும் உண்டு என்றார். எங்கள் கணினியில் இருந்தது அதுவன்று, மூடிய பெட்டி. வெளியே நின்று தட்டத்தான் முடியும். மூலம் காட்டாத உரையை நம்பச் சொல்வதுபோல் இருந்தது; எங்களுக்கு அது உவப்பாயில்லை. தயாரித்தவர்கள் வெளியிட்டிருந்த புதிய நிலைபொருளை அவர் ஏற்றியபின் மூன்று மணி நேரம் தொடர்ந்து பதிந்து பார்த்தோம். சுழிய வரிசை எங்கும் இல்லை.

பழைய பதிவுகள் அப்படியே இருக்கின்றன. பதினொரு மணி நேரத்தில் 212 இடங்கள். அவற்றைப் பக்கத்து ஒலியால் நிரவி மறைக்கும் மென்பொருள்கள் உண்டு. 'டிக்' போய்விடும், கேட்க இனிமையாயிருக்கும். வேண்டாமென்று முடிவு செய்தோம். பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் இறுதிப்பத்தும் கிடைக்காதபோது எவரும் பாடி நிரப்பவில்லை. ஐங்குறுநூற்றில் 129-க்கும் 130-க்கும் எண்கள் நிற்கின்றன, பாட்டு இல்லை. ஆகவே 212 இடங்களுக்கும் நேரமும் நீளமும் குறித்து ஒரு பட்டியல் செய்தோம். 173 இடங்களில் சிதைந்தது நெடிலின் நடுப்பகுதி, சொல்லுக்குச் சேதமில்லை. 38 இடங்களில், பாட்டி அதே அடியை மறுபடி பாடியிருந்ததால் சொல் உறுதியாயிற்று. எஞ்சிய ஒன்று அந்தத் தொட்டில் அடி. அதை அவர் ஒரே ஒருமுறைதான் பாடியிருக்கிறார். அச்சுப்படியில் 'ஆ . . . யவள்' என்று புள்ளியிட்டு, இரண்டு பாடங்களையும் அடியில் கொடுத்திருக்கிறோம்.