ஆற்றங்கரையோரம் சும்மா ஒரு நடை

தஞ்சாவூருக்கு வருகிறவர்கள் பெரிய கோயிலைப் பார்க்கிறார்கள், அரண்மனைக்குள் ஒரு சுற்று சுற்றுகிறார்கள், தலையாட்டி பொம்மை ஒன்றை வாங்கிக்கொண்டு ரயிலேறிவிடுகிறார்கள். எனக்குப் பாவமாக இருக்கும். ஊரைச் சுற்றி இத்தனை ஆறு ஓடுகிறதே, கரையில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டுப் போகக் கூடாதா?

மலை ஏற வேண்டாம், வழிகாட்டி வேண்டாம், டிக்கெட் கிடையாது. டெல்டா என்பதே தட்டையான பூமி. ஆற்றுக்கு இரண்டு பக்கமும் கரை போட்டிருக்கிறார்கள். மதகுகளைப் பார்த்துக்கொள்கிற ஆட்கள் போய்வருவதற்காகக் கரைமேல் பெரும்பாலும் ஒரு மண்பாதை இருக்கும். நடந்து ரசிக்கிறவர்களுக்காக யாரும் போட்ட பாதை இல்லை அது. ஆனாலும் நடப்பதற்கு அதைவிட வசதி எங்கும் பார்த்ததில்லை. ஒரு பக்கம் தண்ணீர், இன்னொரு பக்கம் கீழே வயல். வழி தவறவே தவறாது. போன கரையிலேயே திரும்பி வந்தால் ஊர் வந்துவிடும்!

முதலில் ஆறுகளின் கணக்கு. கல்லணையில் காவிரி, கொள்ளிடம், வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று நான்காகத் தண்ணீர் பிரிகிறது. தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்குப் பஸ்ஸில் போனால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து பாலம். ஐந்து ஆறு, ஐயாறு. சின்ன வயதில் ஜன்னலோரம் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணிக்கொண்டே போவேன். வெட்டாற்றுக்குள் தூங்கிவிடுவேன் என்பது வேறு விஷயம்.

எப்போது போகலாம் என்று கேட்டால், அதை முடிவு செய்வது மேட்டூர் அணை. வழக்கப்படி ஜூன் 12 அங்கே திறப்பார்கள், ஜனவரி 28 மூடுவார்கள். மேட்டூரில் திறந்த சில நாளில் கல்லணையிலும் திறப்பார்கள். 2022இல் மே 24ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். 2024இல் அணையில் தண்ணீர் இல்லாமல் ஜூலை 28 வரை இழுத்தது. ஆகஸ்டிலிருந்து ஜனவரி வரை நடந்தால் இரண்டு கரையும் தொட்டு ஓடுகிற ஆற்றைப் பார்க்கலாம். ஏப்ரலில் போனால் மணல், ஆடு, கிரிக்கெட். அதுவும் ஒரு அழகுதான், ஆனால் காலை எட்டு மணிக்குள் வீடு திரும்பிவிட வேண்டும்.

எனக்குப் பிடித்தது திருவையாற்றிலிருந்து தில்லைஸ்தானம் போகிற வழி. புஷ்ய மண்டபப் படித்துறையில் ஆரம்பித்துக் காவிரியின் வடகரையில் மேற்கே போனால் இரண்டு கிலோமீட்டர் வரும். தியாகராஜர் சமாதி அந்தப் பக்கம்தான். தை மாதம் ஆராதனை நடக்கிற நாட்களில் கால் வைக்க இடம் இருக்காது. மற்ற நாட்களில் துணி துவைக்கிற சத்தமும் மீன்கொத்தியும்தான். தில்லைஸ்தானத்தின் பழைய பெயர் திருநெய்த்தானம். சின்னக் கோயில், கூட்டமில்லாத பிராகாரம், உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது.

இந்த வழியில் நானும் என் கல்லூரித் தோழியும் பல தடவை போயிருக்கிறோம். ஒவ்வொரு தடவையும் யாராவது நிறுத்திக் கேட்பார்கள்.

"எங்கம்மா போறீங்க?"

"சும்மா நடந்து போறோம் பாட்டி."

"சும்மாவா? டவுன் பஸ் இருக்கே!"

காரணம் இல்லாமல் நடக்கிறவரை, அதுவும் இரண்டு பெண் பிள்ளைகளை, யாருக்கும் புரிவதில்லை. "கோயிலுக்கு" என்று சொல்லிப் பாருங்கள், அடுத்த கேள்வியே வராது. சில பாட்டிகள் கூடவே கொஞ்ச தூரம் வந்து குறுக்கு வழியும் காட்டுவார்கள். வீட்டில் அனுமதி வாங்குவதும் இதே மந்திரத்தில்தான். எங்கள் பக்கத்தில் கோயில் இல்லாத கரை ஏது? வெண்ணாற்றங்கரையில் தஞ்சை மாமணிக் கோயில், குடமுருட்டிப் பக்கம் திருப்பூந்துருத்தி. பொய் சொல்ல அவசியமே வந்ததில்லை.

யோசித்துப் பார்த்தால் இங்கே நடையும் சாமியும் ஒன்றாகவே இருந்திருக்கின்றன. சித்திரை, வைகாசி வாக்கில் ஏழூர்த் திருவிழா என்று ஒன்று. ஐயாறப்பர் பல்லக்கில் கிளம்பி திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, திருநெய்த்தானம் சுற்றித் திருவையாற்றுக்கே திரும்புவார். கடைசியில் ஒரு பொம்மை பூப்போடும், அதைப் பார்க்கத் தனிக் கூட்டம். பல்லக்கோடு ஜனங்களும் நடப்பார்கள். ஆற்றில் தண்ணீர் இல்லாத மாதமாகப் பார்த்து வருகிறது இந்தத் திருவிழா. வைத்தவர்கள் விவரமானவர்கள்தான்.

நடந்து முடித்ததும் திருவையாற்றில் சுடச்சுட அசோகா சாப்பிடாமல் பஸ் ஏறக் கூடாது. பாசிப்பருப்பில் செய்கிற இனிப்பு. நடந்து கரைத்ததை அங்கேயே திருப்பி வாங்கிக்கொள்ளலாம்.

இனி புது ஆறு. கல்லணைக் கால்வாய்க்கு எங்கள் ஊர்ப் பெயர் அது. மேட்டூர் அணையோடு சேர்த்து வெட்டி 1934இல் முடித்தார்கள். தொண்ணூறு வயது தாண்டியும் இன்னும் 'புது' தான். மற்ற ஆறுகள் வளைந்து வளைந்து கிழக்கே போக, இது பூதலூர் வழியாகத் தஞ்சாவூருக்குள் வந்து, தெற்கே ஒரத்தநாடு பக்கம் இறங்குகிறது. சுமார் 148 கிலோமீட்டர் நீளம், 2.27 லட்சம் ஏக்கர் பாசனம். ஊருக்குள் இதன் கரையில் நடக்கச் சொல்ல மாட்டேன், மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். ஊர் தாண்டியதும் பாருங்கள். கரையில் வரிசையாகத் தேக்கு மரங்கள். மழைக்காலத்தில் அந்த அகல இலைகளுக்குக் கீழே நடந்தால் குடையே வேண்டாம். கோடையில் இலை மொத்தமும் உதிர்ந்து, நிழல் தேவைப்படுகிற நேரத்தில் மொட்டையாக நிற்கும். அரசாங்க மரம் அல்லவா!

இந்தக் கால்வாயைச் சீரமைக்க 2,640 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2021 பிப்ரவரியில் பிரதமர் அடிக்கல் நாட்டினார். கரைச்சரிவில் கான்கிரீட் போட்டார்கள். அடித்தளத்திலும் போட்டால் நிலத்தடி நீர் போய்விடும் என்று விவசாயிகள் போராடினார்கள். எனக்கு வந்த வருத்தம் அத்தனை பெரியதல்ல. சரிவில் புல் இல்லை, உட்கார்ந்து காலை நனைக்க இடமில்லை, பதினோரு மணிக்கே அனல் அடிக்கிறது. நாணல் பூத்துக் கிடந்த ஓரம் வெள்ளைச் சுவராகிவிட்டது. ஆடு மேய்க்கிறவர் கூட இறங்க வழியில்லை என்று சலித்துக்கொண்டார்.

இதை ஒருநாள் கரையில் நடக்கும்போது தோழியிடம் புலம்பினேன். அவள் ஊர் பேராவூரணிப் பக்கம். இதே புது ஆற்றின் கடைமடை.

"உனக்கு நடக்குறதுக்குப் புல்லு வேணும். எங்களுக்கு நாத்து விடுறதுக்குத் தண்ணி வேணும்" என்றாள்.

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மண் கால்வாயில் வழியெல்லாம் உறிஞ்சியது போக, உடைப்பெடுத்தது போக, மேலே இருப்பவர்கள் எடுத்தது போக, மிச்சம்தான் அவர்களுக்கு. தஞ்சாவூரில் ஆறு நிரம்பி ஓடும்போதும் அவர்கள் ஊர் வாய்க்கால் காய்ந்து கிடந்த வருடங்கள் உண்டாம். 'கடைமடை வரை தண்ணீர் போய்ச் சேர்ந்தது' என்று பேப்பரில் தனிச் செய்தியாகப் போடுகிறார்களே, அது ஏன் செய்தி என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

நான் படிப்பது பி.காம். எந்தச் செலவுக்கும் எதிர்ப்பக்கம் ஒரு வரவு எழுதச் சொல்லித்தான் மூன்று வருடம் பாடம். இந்தக் கால்வாய்க் கணக்கில் அவள் அப்பாவின் நெல்லை எழுத இடம் இருக்கிறது. புல், நிழல், நாணல், படித்துறை இதையெல்லாம் எந்தப் பக்கம் எழுதுவது? படித்துறையை மட்டுமாவது விட்டிருக்கலாம், மேலே நாலு மரம் சேர்த்து நட்டிருக்கலாம் என்று இன்னமும் நினைக்கிறேன். அவளும் அதை மறுக்கவில்லை. "முதல்ல தண்ணி வரட்டும், மரத்தை அப்புறம் பேசுவோம்" என்றாள்.

ஜூன் பிறந்தால் அவளுக்கு நடை வேறு மாதிரி ஆகிவிடும். கல்லணை திறந்த செய்தி வந்ததிலிருந்து தினம் சாயங்காலம் ஆற்றுப்பாலத்துக்குப் போவாள். முதல் தண்ணீர் செம்மண் நிறத்தில், நுரையும் சருகும் பிளாஸ்டிக் பாட்டிலுமாக, ஒரு ஆள் நடக்கிற வேகத்தில்தான் வரும். சில நேரம் நாங்கள் கரையில் அதற்கு முன்னால் போய் நின்று அது வந்து சேர்கிறவரை காத்திருப்போம். அதற்குள் அவள் அப்பாவின் போன் வந்துவிடும்.

"புது ஆத்துல தண்ணி எவ்வளவு போகுதும்மா?"

"இப்பத்தான் வந்துச்சுப்பா. முழங்கால் அளவு இருக்கும்."

"சரி சரி. நாளைக்கும் போய்ப் பாத்துச் சொல்லு."