கெட்டிமேளம் கேட்டது, 'கிளிக்' கேட்கவில்லை!



"அண்ணே, நம்ம ஆண்டு மலருக்கு போட்டோ பத்தி ஒரு கட்டுரை வேணும்" என்று பேரவைத் தம்பிகள் மூன்று பேர் என் ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். நான் இதே கல்லூரியில் 1994-ல் இயந்திரவியல் டிப்ளமோ முடித்தவன். படித்த தொழில் ஒன்று, கஞ்சி ஊற்றும் தொழில் வேறொன்று! வந்தவர்களில் ஒருவன் தோளில் பழைய பிலிம் கேமரா தொங்கியது. "தாத்தாவோடது அண்ணே. இதை வச்சு தொழில் பண்ணலாமா? இல்லேன்னா எது வாங்கணும்? எந்த லென்ஸ்?" என்று கேட்டான்.

அரை மணி நேரம் பேசினேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவனிடம் சொல்லாமல் விட்ட ஒன்றையும் சேர்த்து எழுதுகிறேன்.

ஆவணி முகூர்த்தம்

1992. நான் இரண்டாம் ஆண்டு. பாளையங்கோட்டையில் ஒரு ஸ்டூடியோவில் சனி, ஞாயிறு எடுபிடி வேலை. முதலாளியை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். ஆவணியில் ஒரே நாளில் இரண்டு கல்யாணம் வந்துவிட்டது. "ஒண்ணுக்கு நான் போறேன், இன்னொண்ணுக்கு நீ போலே. பயப்படாத" என்று சொல்லி, உறவினர் ஒருவர் துபாயிலிருந்து கொண்டு வந்த கேமராவை என் கழுத்தில் மாட்டிவிட்டார். அழகான கேமரா. ஷட்டர் முதல் மீட்டர் வரை எல்லாமே எலெக்ட்ரானிக். அதை மாட்டிக்கொண்டதும் நான் தரையில் நடக்கவில்லை!

விடியற்காலை ஐந்தரைக்கு முகூர்த்தம். கிராமத்து வீட்டு வாசலில் பந்தல். காசி யாத்திரை எடுத்தேன், மாலை மாற்றுவதை எடுத்தேன். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" மேளம் காதைப் பிளந்தது. நான் பட்டனை அமுக்கினேன்.

ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அமுக்கினேன். ஊஹூம்! பேட்டரி செத்துப் போயிருந்தது. அந்த வகைக் கேமராவில் பேட்டரி தீர்ந்தால் ஷட்டர் திறக்கவே திறக்காது. என் பையில் ஆறு ரோல் பிலிம் இருந்தது. நாலு ரூபாய் எடை கூட இல்லாத ஒரு மாற்று பேட்டரி இல்லை. மூன்று முடிச்சும் விழுந்து, அட்சதையும் விழுந்து முடிந்தது.

சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஸ்டூடியோவிலிருந்த பழைய யாஷிகா மேட் கேமராவைக் கொண்டு வந்து மிச்சச் சடங்குகளை எடுத்தேன். விஷயம் தெரிந்து மத்தியானம் அண்ணாச்சியே வந்தார். "தாலியைப் பிடிச்ச மாதிரி ஒரு தடவை நில்லுங்க, படத்துல வித்தியாசம் தெரியாது" என்று கெஞ்சினார். பெண்ணின் அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "தாலி விஷயத்துல நடிப்பு வேண்டாம்யா" என்றார். கோபமே படவில்லை. என்னைப் பார்த்து, "எல்லாப் படமும் இருக்கு... அது ஒண்ணு மட்டும் இல்லையா தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

அண்ணாச்சி அவர்களிடம் காசு வாங்கவில்லை. என்னையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

நோட்டுப் புத்தகத்தில் மூன்று கட்டம்

சொந்தக் கேமரா வாங்கியே தீருவது என்று முடிவு செய்தேன். கையில் சேமிப்பு 4,000 ரூபாய். அம்மா இரண்டு வளையலைக் கழற்றி அடகு வைத்து 8,000 கொடுத்தாள். "உங்க அக்கா கல்யாணத்துக்குள்ள மீட்டுரணும், பாத்துக்கோ" என்றாள். ஆக, 12,000 ரூபாய். தப்பான கேமரா வாங்கினால் அக்காவின் கழுத்தும் கையும் வெறுமையாகும்!

மெஷின் டிசைன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கட்டம் போட்டேன். எந்தக் கேமரா நல்லது என்று எழுதவில்லை. எனக்கு என்ன வேலை என்று எழுதினேன். விடியற்கால இருட்டு, ஹோமப் புகை, மேடையில் முப்பது பேர் நிற்கும் குரூப், மத்தியான வெயிலில் கோயில் வாசல், திரும்ப வராத ஒரு நொடி. இவ்வளவுதான் என் வேலை. பத்திரிகை விளம்பரத்தில் வரும் சிங்கமும் புலியும் நம் மேடைக்கு வரப்போவதில்லை.

முதல் கட்டம்: பேட்டரி இல்லாமல் ஓடுமா? பென்டாக்ஸ் கே1000, நிக்கான் எஃப்எம்2, யாஷிகா எஃப்எக்ஸ்-3 ஆகிய மூன்றும் ஸ்பிரிங்கும் பற்சக்கரமும் ஓட்டும் மெக்கானிக்கல் ஷட்டர் கொண்டவை. பேட்டரி போனால் வெளிச்சம் அளக்கும் மீட்டர் மட்டும் தூங்கும், ஷட்டர் தூங்காது. கெனான் ஏஇ-1, மினோல்டா எக்ஸ்-700 இரண்டும் அருமையான கேமராக்கள். ஆனால் இரண்டுக்கும் பேட்டரிதான் உயிர். சூடு கண்ட பூனை நான்!

இரண்டாம் கட்டம்: பிளாஷோடு எந்த வேகம் வரை ஒத்துப் போகும்? இது நம் இயந்திரவியல் மூளைக்கு ஏற்ற விஷயம். பிலிமுக்கு முன்னால் இரண்டு திரை. முதல் திரை விலகும், இரண்டாம் திரை மூடும். முதல் திரை முழுதும் விலகி, இரண்டாம் திரை கிளம்பாமல் இருக்கும் அந்த இடைவெளியில் பிளாஷ் மின்ன வேண்டும். வேகம் அதைத் தாண்டினால் படத்தில் பாதி கறுப்பு. கே1000-ன் துணித் திரை 36 மி.மீ. அகலத்தைக் குறுக்காகக் கடக்க வேண்டும். அதன் எல்லை 1/60 வினாடி. எஃப்எம்2-ன் உலோகத் தகடுகள் மேலிருந்து கீழாக 24 மி.மீ. கடந்தால் போதும், 1984-க்குப் பிறகு வந்த மாடலில் எல்லை 1/250 வினாடி.

இதனால் என்ன லாபம்? கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 வேகப் பிலிம், உச்சி வெயில். 1/60-ல் எடுத்தால் துவாரம் எஃப்/22 வேண்டும். 1/250-ல் எஃப்/11 போதும். என் பிளாஷின் கைடு நம்பர் 28. கைடு நம்பரைத் துவாரத்தால் வகுத்தால் பிளாஷ் எட்டும் தூரம் மீட்டரில் கிடைக்கும். 28-ஐ 22-ஆல் வகுத்தால் 1.3 மீட்டர். 11-ஆல் வகுத்தால் 2.5 மீட்டர். முதல் கேமராவில் மாப்பிள்ளையின் மூக்கு நுனி வரை போய் நிற்க வேண்டும். இரண்டாவதில் மரியாதையான தூரத்தில் நின்று, பெண் மாப்பிள்ளை இருவர் கண்ணுக்குக் கீழே விழும் வெயில் நிழலைப் போக்கலாம்.

மூன்றாம் கட்டம்: லென்ஸ் பொருந்தும் வாய், அதாவது மவுண்ட். இதில்தான் நான் நிறைய நாள் யோசித்தேன். கேமரா உடல் தேயும், மாறும், லென்ஸ்தான் நிலைக்கும். ஒரு கம்பெனியின் லென்ஸ் இன்னொன்றில் பொருந்தாது. நிக்கான் 1959-ல் கொண்டு வந்த எஃப் மவுண்டையே தொடர்ந்து வைத்திருந்தது. கெனான் 1987-ல் எஃப்டி மவுண்டை விட்டுவிட்டு இஎஃப் என்ற புது மவுண்டுக்கு மாறியது. ஆட்டோபோகஸுக்கு அது நல்ல முடிவு என்று காலம் காட்டிவிட்டது, 54 மி.மீ. அகல வாய், எல்லா உத்தரவும் மின்சாரத்தில். ஆனால் எஃப்டி லென்ஸாக வாங்கிக் குவித்திருந்தவர்களுக்கு அது கைகொடுக்கவில்லை. அடகுக் கடையில் வளையல் வைத்தவனுக்கு அந்தத் தைரியம் கிடையாது.

"யாஷிகா மேட் போதுமேலே"

அண்ணாச்சி என் கட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். "ஏலே, நம்ம யாஷிகா மேட்டுக்கு பேட்டரியே வேண்டாம். 1/500 வரைக்கும் பிளாஷ் பிடிக்கும். நெகட்டிவ் எவ்வளவு பெரிசு! பாதி விலைக்கு ஒண்ணு வாங்கித் தாரேன்" என்றார்.

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. 35 மி.மீ. நெகட்டிவ் 24க்கு 36. அந்தக் கேமராவின் நெகட்டிவ் 56க்கு 56. பரப்பில் மூன்றரை மடங்குக்கு மேல். பெரிய படம் போட்டால் பட்டுச் சேலையின் ஜரிகை இழை இழையாகத் தெரியும். இரண்டு நாள் மனசு ஆடியது.

ஆனால் ஒரு ரோலுக்கு 12 படம்தான். பதின்மூன்றாவது படம் தாலியாக இருந்தால்? லென்ஸும் கழற்ற முடியாது, 80 மி.மீ. ஒன்றே ஒன்று. சின்ன வீட்டில் பின்னால் நகர இடமில்லாதபோது சுவரை இடித்துவிட்டா நிற்பது? "அண்ணாச்சி, அது ஸ்டூடியோவுக்கு ராஜா. எனக்குப் பந்தலுக்கு ஒரு சிப்பாய் வேணும்" என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "போ, வாங்கு. ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. அன்னைக்கு தோத்தது பேட்டரி இல்லலே, நீ" என்றார்.

சுருக்கென்றது. அவர் சொன்னது சரி. எந்தக் கேமராவாக இருந்தாலும், மாற்றுப் பேட்டரி பையில் வைத்திருந்தால் அந்தப் படம் கிடைத்திருக்கும். குற்றத்தைக் கேமராவின் மேல் போட்டு நான் தப்பித்துக்கொண்டிருந்தேன்.

மெட்ராஸ் பயணம்

1993 தை மாதம் ராத்திரி ரயில் ஏறி மெட்ராஸ் போனேன். பர்மா பஜாரில் நாலு கடை ஏறி இறங்கி, கடைசியில் மவுண்ட் ரோடு பக்கம் ஒரு பழைய கேமரா கடையில் கிடைத்தது: இரண்டாம் கை எஃப்எம்2, கூட 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ். கடைக்காரர் பளபளப்பான ஜூம் லென்ஸ் ஒன்றையும் காட்டி ஆசை காட்டினார். அதன் துவாரம் எஃப்/3.5. எஃப்/1.8-ல் வரும் வெளிச்சம் அதைப் போல ஏறக்குறைய நாலு மடங்கு. விடியற்காலைப் பந்தலில் போகஸ் பிடிக்க அந்த வெளிச்சம்தான் கண். ஜூம் வேண்டாம் என்றுவிட்டேன்.

வாங்கும் முன் நான் பார்த்தவற்றைத் தாத்தா கேமரா வைத்திருக்கும் தம்பிகளும் பாருங்கள். பின் கதவைத் திறந்து ஒரு வினாடி முதல் உச்ச வேகம் வரை ஒவ்வொன்றாக ஓட்டிக் காது கொடுத்துக் கேளுங்கள். லென்ஸை டார்ச் வெளிச்சத்தில் நீட்டிப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் பூஞ்சை. துவாரத் தகடுகளில் எண்ணெய்ப் பசை கூடாது. கதவு ஓரத்து ஸ்பாஞ்சு பிசுபிசுத்தால் வெளிச்சம் கசியும். அது செலவு குறைந்த ரிப்பேர்தான். நிக்கானில் 1977-க்கு முந்தைய லென்ஸ்களை மாற்றம் செய்யாமல் எஃப்எம்2-ல் மாட்டக் கூடாது. தோல் உறையில் பூட்டி வைக்காதீர்கள். நம் ஊர் ஈரத்துக்குத் தோல்தான் பூஞ்சையின் தாய்வீடு. காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும்.

அடுத்த வருடம் குரூப் படத்துக்காக 35 மி.மீ. எஃப்/2. 1995-ல் முகங்களுக்காக 105 மி.மீ. எஃப்/2.5. ஸ்டீவ் மெக்கரி 1984-ல் எடுத்த ஆப்கான் பெண் படம் எஃப்எம்2-லும் 105 எஃப்/2.5-லும் எடுத்ததுதான் என்று பிறகு தெரிந்தபோது எனக்கு ஒரே பெருமை; ஏதோ பெண் கொடுத்து பெண் எடுத்த மாதிரி! மூன்று லென்ஸுக்கும் முகப்பு 52 மி.மீ.; ஒரே பில்டர் மூன்றுக்கும் உதவியது. அப்புறம்தான் இரண்டாவது உடல் வாங்கினேன். தொழிலுக்கு இரண்டு உடல் ஆடம்பரம் இல்லை. இரண்டாவதுதான் வாக்குத் தவறாமைக்கு ஜாமீன். வளையல்களை 1994 மாசியில் மீட்டேன். அக்கா கல்யாணம் சித்திரையில்.

இன்றைக்கு என்ன?

எஃப்எம்2 தயாரிப்பு 2001-லேயே நின்றது. ஊட்டியில் 1960-ல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸும் இன்று பிலிம் செய்வதில்லை. கோடாக் 2012-ல் திவால் பாதுகாப்பு கேட்டு, மீண்டு வந்தது. நிக்கானின் கடைசி பிலிம் கேமரா எஃப்6-ம் 2020-ல் முடிந்தது. ஆனாலும் 2024-ல் பென்டாக்ஸ் புதிதாக ஒரு பிலிம் கேமரா கொண்டு வந்தது. எனவே தம்பி, தாத்தா கேமராவில் தாராளமாகப் பழகு. 36 படம்தான் என்ற கட்டுப்பாடு கண்ணைக் கூர்மையாக்கும். கூலிக்கு எடுக்கும் கல்யாணத்தை மட்டும் அதை நம்பி ஏற்காதே. டிஜிட்டல் வாங்கினாலும் கேள்விகள் அதே மூன்றுதான்: என் வேலை என்ன, அந்த வேலைக்கு நடுவில் எது கைவிடும், எந்த மவுண்டோடு பல வருடம் வாழப் போகிறேன்? என் 1995-ம் வருட 105 லென்ஸ், 2008-ல் வந்த நிக்கான் டி700-ல் இன்றும் மீட்டரோடு வேலை செய்கிறது. கையால் போகஸ் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

சொல்லாமல் விட்டது இதுதான். 105 வாங்கியதும் அந்தக் கிராமத்து வீட்டுக்குப் போனேன். கல்யாணப் பெண் குழந்தையோடு வந்திருந்தாள். திண்ணையில் அப்பா, மகள், பேத்தி மூவரையும் உட்கார வைத்து ஒரு ரோல் முழுவதும் எடுத்தேன். காசு வாங்கவில்லை. பெரியவர் ஆல்பத்தை எடுத்துக் காட்டினார். மாலை மாற்றும் படத்துக்கும் மெட்டி போடும் படத்துக்கும் நடுவில் ஒரு பக்கத்தை அண்ணாச்சி காலியாகவே விட்டிருந்தார். "இருக்கட்டும் தம்பி. அந்தப் பக்கம் வரும்போது நானே கதையாச் சொல்லிருவேன்" என்றார்.

1996-ல் அந்தத் திண்ணைப் படத்திலிருந்து அவர் முகத்தை மட்டும் பெரிதாக்கித் தரச் சொல்லி மகள் வந்தாள், மாலை போடுவதற்கு. கண், நரை, நெற்றித் திருநீறு எல்லாம் அப்படியே விழுந்திருந்தது. அவள் படத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

இன்றும் கல்யாண வேலைக்குக் கிளம்பும் முன் பையைத் திறந்து பேட்டரிகளை எண்ணுவேன். இரண்டு முறை.