கடைசி வண்டிக்காரர்



இங்கிலாந்தில் வேனிற்காலம் வந்து, மழை சற்றே ஓய்ந்து, ஞாயிற்றுக்கிழமையும் வெயிலும் அபூர்வமாக ஒன்றுசேரும்போது, லண்டன் நகரத்து மோட்டார் சைக்கிள் பிரியர்கள் கூட்டங்கூட்டமாகத் தெற்கே சமுத்திரக்கரையிலுள்ள பிரைட்டன் பட்டணத்தை நோக்கிப் புறப்பட்டுவிடுகிறார்கள். காலையில் போய், கரையோரத்தில் மாவில் தோய்த்துப் பொரித்த மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் தின்று, பொழுது சாயுமுன் திரும்பிவிடுகிற இந்த யாத்திரையால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் கிடையாது. பிரயோஜனமில்லாத காரியத்தை இவ்வளவு கிரமமாகச் செய்கிறவர்களை நான் வேறெங்கும் கண்டதில்லையாதலால், இம்மாத மடலை அவர்களுக்கே ஒதுக்கினேன்.

கிரமம் என்று சொன்னேன். ஆனால் இவர்களுடைய பூர்வோத்தரம் அப்படிப்பட்டதல்ல. லண்டனின் வடக்குச் சுற்றுச்சாலையில் 1938-இல் லாரிக்காரர்களை நம்பித் திறக்கப்பட்டு, யுத்தகாலத்தில் குண்டுவீச்சால் சேதமுற்று, 1949-இல் திரும்பக் கட்டப்பட்ட 'ஏஸ் கஃபே' என்னும் சிற்றுண்டிச்சாலை, ஐம்பதுகளில் தோல் சட்டை அணிந்த மோட்டார் சைக்கிள் வாலிபர்களின் கேந்திரமாயிற்று. பாட்டுப் பெட்டியில் காசைப் போட்டுவிட்டு, இசைத்தட்டு ஓய்வதற்குள் ஒரு சுற்றுச் சுற்றிவந்து வாசலில் நிற்பது அவர்களுடைய பந்தயம் என்பது ஐதீகம். 1964 மே மாத விடுமுறையில் இவர்களும், ஸ்கூட்டர் ஏறிவரும் 'மாட்' கோஷ்டியாரும் பிரைட்டன் கடற்கரையில் கைகலந்துகொண்டது தேசமெங்கும் தலைப்புச் செய்தியானது. பத்திரிகைகள் இத்தகைய கலவரங்களை ஊதிப் பெரிதாக்கின என்று ஸ்டான்லி கோஹன் என்ற சமூகவியல் அறிஞர் 1972-இல் ஒரு நூலே எழுதினார். 1969-இல் மூடப்பட்ட அந்தக் கடை 2001-இல் மறுபடியும் முழுமையாகத் திறக்கப்பட்டு, இன்றைக்கு நரைத்த தலைகளும் கண்ணியமான வயிறுகளும் கூடும் இடமாக விளங்குகிறது.

நான் சேர்ந்து போகும் கூட்டத்தில் பஸ் ஓட்டுகிறவர் உண்டு, ஆஸ்பத்திரித் தாதி உண்டு, உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்ற சீக்கியப் பெரியவர் ஒருவரும் உண்டு. 1973-இல் தலைக்கவசம் கட்டாயமாக்கப்பட்டதையும், தலைப்பாகை அணியும் சீக்கியர்கள் விடாது ஆட்சேபித்து 1976-இல் தனிச்சட்டம் மூலமாகவே விலக்குப் பெற்றதையும் டீக்கோப்பையும் கையுமாக அவர் சொல்லக் கேட்பது எனக்கு எப்போதும் அலுக்காது. இன்னொருவரிடம் பழைய புல்லட் ஒன்று இருக்கிறது. ரெட்டிச் நகரத்தில் பிறந்த அந்த வண்டியின் வம்சம், 1955-இல் சென்னையில் கம்பெனி ஏற்பட்டதன்மேல் திருவொற்றியூரிலே வேரூன்றி, 1967-இல் ரெட்டிச் ஆலை மூடப்பட்ட பின்னும் அழியாமல், 1977 முதல் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானதல்லவா? அந்த எஞ்சினின் ஓசையைக் கேட்கும்போது எனக்கு உண்டாகும் கர்வத்துக்கு நியாயம் ஒன்றுமில்லை. அதைச் செய்ததில் என் பங்கு சூனியம்.

விஷயத்துக்கு வருகிறேன். இருபது வண்டிகள் ஒன்றாகப் போவது லேசான காரியமென்று நினைப்பவர் அதைச் செய்து பார்த்திருக்கமாட்டார். முன்னே போகிறவரைக் கண்ணை விட்டகலாமல் பின்பற்றவேண்டும் என்று வைத்துக்கொண்டால், முதல்வர் சற்று வேகங்கூட்டும்போது பின்னாலுள்ளவர் ஒவ்வொருவரும் அவரைவிட அதிகமாகக் கூட்ட நேர்ந்து, கடைசியில் வருகிற அப்பாவி, பெரும்பாலும் புதிதாக ஓட்டக் கற்றவர், எல்லோரிலும் அதிவேகமாகப் பறக்கவேண்டியதாகும். சிவப்பு விளக்கு விழுந்தாலோ கூட்டம் இரண்டாகப் பிளந்துவிடும். பிரிந்துபோவோமென்ற பயத்தில் விளக்கைத் தாண்டுகிறவர்களும் உண்டு. இதற்கு இங்குள்ளவர்கள் கைக்கொண்டிருக்கும் உபாயம் வெகு எளிது. வழி தெரிந்த ஒருவர் முதலில் போவார். மஞ்சள் மேற்சட்டை அணிந்த நிதானஸ்தர் ஒருவர் கடைசியில் வருவார். இவ்விருவரும் நாள் முழுவதும் தம் ஸ்தானத்தை விட்டு மாறுவதில்லை. வழி திரும்பும் இடம் வந்ததும், முதல்வருக்கு அடுத்தபடி வருகிறவர், போக்குவரத்துக்கு இடைஞ்சலின்றி எல்லோருக்கும் தெரியும்படி ஓரமாக நின்று, திரும்பவேண்டிய திசையைக் கைகாட்டுவார். மற்றவர்கள் அவரைக் கடந்து போவார்கள். மஞ்சள் சட்டைக்காரர் கண்ணில் பட்ட பிறகே அவர் அவ்விடத்தை விட்டு நகர்ந்து, அவருக்கு முன்பாகச் சேர்ந்துகொள்வார். அடுத்த திருப்பத்தில் அந்தக் கடமை அடுத்தவருடையது.

இதன் விளைவைப் பாருங்கள். யாரும் யாரையும் துரத்தவேண்டியதில்லை. மந்தமாக ஓட்டுகிறவர் மந்தமாகவே ஓட்டலாம். முதல் வண்டியில் போகிறவருக்குத்தான் பெருமை என்று ஆரம்பத்தில் எண்ணியிருந்த எனக்கு, கூட்டத்தின் உயிர்நிலை கடைசி வண்டியிலே இருப்பது போகப் போகப் புலப்பட்டது. சங்கிலி அறுந்தாலும், பெட்ரோல் தீர்ந்தாலும், ஒருவருக்கு மயக்கமே வந்தாலும், நின்று விசாரிக்க அவர் வருவார் என்ற நிச்சயத்தில்தான் மற்றவர்கள் இயற்கைக் காட்சியை ரசிக்கிறார்கள். நான் ஒரு கிராமத்து மாதாகோயில் மூலையில் மழைத்தூற்றலில் நின்று கைகாட்டிக்கொண்டிருந்தபோது, கடந்து போன ஒவ்வொருவரும் தலையை அசைத்துப் போனார்கள். வலக்கை விசைப்பிடியில் இருப்பதால் இங்கே வணக்கம் என்பது தலையசைப்புத்தான்.

டார்க்கிங் அருகே பாக்ஸ் குன்றின் அடிவாரத்தில் ஒரு டீ. அப்புறம் வேலியடைத்த ஒடுங்கிய கிராமச் சாலைகள். பிறகு 248 மீட்டர் உயரமுள்ள டிச்லிங் பீக்கன் மேட்டின்மீது வளைந்து வளைந்து ஏற்றம். உச்சியில் சமுத்திரம் தென்படும். பிரைட்டன் கரையிலே மணல் இல்லை, கூழாங்கற்களே. மெரினாவில் கால் புதைய நடந்து பழகியவனுக்கு அது கடற்கரையாகவே படாது. மடைரா வீதியில் வண்டிகளை வரிசையாக நிறுத்திவிட்டு, 1883 முதல் அக்கரையோரம் ஓடும் சின்னஞ்சிறு மின்சார ரயிலை வேடிக்கை பார்த்தபடி மீனைத் தின்றோம். மீன் சுமார்தான்.

ஞாயிறு விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக மாமல்லபுரத்துக்கும் புதுச்சேரிக்கும் கூட்டமாகச் செல்லும் சென்னை வாலிபர்கள் இதைப் படிப்பார்களானால் அவர்களிடம் ஒரு விண்ணப்பம். அச்சாலை பெரும்பாலும் நேராகவே போவதால் இந்த ஏற்பாடு அநாவசியம் என்று தோன்றலாம். ஆனால் நகரத்துக்குள் திருவான்மியூரை எட்டுமுன்பும், புதுச்சேரிக்குள் நுழைந்த பின்பும் திருப்பங்கள் ஏராளம். அடுத்த முறை புறப்படுமுன் பத்து நிமிஷம் செலவிட்டு எல்லோருக்கும் முறையை விளக்கிவிடுங்கள். கடைசி வண்டியை, உங்களில் மிகுந்த பொறுமைசாலி எவரோ, அவரிடம் ஒப்படையுங்கள். மஞ்சள் சட்டை ஒன்றும் அவருக்கு வாங்கிக் கொடுங்கள்.