வேலை கேட்கும் கை

பக்கவாதம் வந்தவரின் வீட்டில் சில வேளைகளில் அன்பே தடையாகிவிடும். மருத்துவமனையிலிருந்து திரும்பிய தாத்தாவுக்கு மருமகள் சோறு ஊட்டுகிறார். பேரன் சட்டைப் பொத்தானைப் போட்டுவிடுகிறான். தாகம் என்று சொல்வதற்குள் குவளை வாயருகே வந்துவிடுகிறது. எல்லாம் பாசத்தால் செய்வதுதான். ஆனால், பாதிக்கப்பட்ட வலக்கை நாள் முழுவதும் மடியிலேயே கிடக்கிறது. அதற்கு யாரும் வேலை கொடுப்பதில்லை.

மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ பக்கவாதம் ஏற்படுகிறது. இறந்த மூளை அணுக்கள் மீள்வதில்லை. எனினும், அவற்றின் பணியை அருகிலுள்ள பகுதிகள் ஓரளவு கற்றுக்கொள்ள முடியும். அதற்கு அந்த உறுப்பு மீண்டும் மீண்டும் இயங்க வேண்டும். கையை அசைக்க முயன்று தோற்றவர், நல்ல கையாலேயே எல்லாவற்றையும் செய்யப் பழகிவிடுகிறார். பின்னர், பாதிக்கப்பட்ட கையில் சிறிது வலு திரும்பினாலும் அதைப் பயன்படுத்த மனம் வருவதில்லை. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டாப் இதனைக் 'கற்றுக்கொண்ட பயன்படுத்தாமை' என்றார். குரங்குகளிடம் கண்ட இந்த உண்மையிலிருந்தே அவர் ஒரு சிகிச்சை முறையை உருவாக்கினார். அம்முறையில் நல்ல கைக்கு உறை மாட்டி, அதற்கு ஓய்வு கொடுத்துவிடுவார்கள். வேலை முழுவதும் பலவீனமான கைக்கே!

கேட்பதற்குக் கொடுமையாகத் தோன்றும் இந்த முறையை அமெரிக்காவில் 222 பேரிடம் சோதித்து, 2006ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் ஒரு பிரிவினர் விழித்திருக்கும் நேரத்தில் 90 விழுக்காடுவரை உறை அணிந்து, இரண்டு வாரங்கள் தீவிரப் பயிற்சி செய்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட அவர்களின் கை நன்கு இயங்கியது. ஓராண்டு கழித்தும் அந்தப் பலன் நீடித்தது. மணிக்கட்டையும் விரல்களையும் சிறிதளவாவது அசைக்க முடிந்தவர்களே அதில் சேர்க்கப்பட்டார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். முற்றிலும் அசையாத கைக்கு இது பொருந்தாது.

பயிற்சியின் அளவுதான் பலருக்கும் புரியாத செய்தி. அமெரிக்க, கனடிய சிகிச்சை மையங்களைக் கவனித்த ஆய்வாளர்கள், ஒரு பயிற்சி வேளையில் கை பயனுள்ள அசைவுகளைச் சராசரியாக 32 தடவை மட்டுமே செய்வதாக 2009இல் கண்டறிந்தார்கள். விலங்குகளின் மூளையில் மாற்றம் காணப்பட்ட ஆய்வுகளிலோ அந்த எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் இருந்தது. விடியற்காலையில் தொடங்கி நூற்றுக்கணக்கான பால்மரங்களை வெட்டிய தோட்டத்துக் கைகளுக்கு 32 என்பது எம்மாத்திரம்?

ஒரு காலத்தில் தோட்டங்கள் சூழ்ந்திருந்த புஞ்சாக் ஆலாமில் இன்று மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வளாகமும் அதன் மருத்துவமனையும் இருக்கின்றன. அங்குள்ள சுகாதார அறிவியல் புலத்தில் இயன்முறைச் சிகிச்சை பயில்வோரும் உள்ளனர். ஆயினும், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வாரத்தில் பல நாள் சிகிச்சைக்கு வருவது எளிதன்று. கார் ஓட்ட ஒருவர் வேலைக்கு விடுப்பு எடுக்க வேண்டும். ஆகவே, பெரும்பகுதிப் பயிற்சி வீட்டில்தான் நடந்தாக வேண்டும்.

தீவிரம் என்றால் அவசரம் என்று பொருள் கொள்ளக் கூடாது. மலேசியா உட்பட ஐந்து நாடுகளில் 2,104 நோயாளிகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2015இல் வெளியானது. பக்கவாதம் வந்த 24 மணி நேரத்துக்குள் படுக்கையிலிருந்து எழுப்பி, அடிக்கடி நீண்ட நேரம் நடமாட வைத்தவர்களில் நன்கு தேறியோர் சற்றுக் குறைவாகவே இருந்தார்கள். எப்போது தொடங்குவது, எவ்வளவு செய்வது என்பதைச் சிகிச்சையாளரே முடிவு செய்ய வேண்டும்.

அவர் அனுமதித்தபின் வீட்டிலுள்ள பொருள்களே போதும். மைலோ டின்னில் காசுகளை ஒவ்வொன்றாகப் போடலாம். துண்டை மடித்துப் பிரித்து மீண்டும் மடிக்கலாம். நெத்திலியின் தலையைக் கிள்ளலாம். ஒரு கிண்ணம் நெத்திலி ஆய ஒரு மணி நேரம் ஆகலாம். பாதி கீழே சிந்தலாம். பக்கத்தில் அமர்ந்திருக்கும் பேரனுக்குத்தான் அப்போது கடினமான வேலை: கை நீட்டி உதவாமல் காத்திருப்பது.